ஹோம் ரனுக்கு எத்தனை புள்ளி?

1980-ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீகில் மைக் ஷ்மிட் 48 ஹோம் ரன் அடித்தார். ஃபிலடெல்பியா ஃபிலிஸ் அணிக்காரர். அவருடைய அடியால் 121 ரன்கள் உள்ளே வந்தன. லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அதே ஆண்டு, அதே லீகில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓமர் மொரேனோ அடித்த ஹோம் ரன் இரண்டே இரண்டு. ஆனால் அவருக்குக் கால் இருந்தது. பந்து வீசுபவர் அசந்த நொடியில் அடுத்த பேஸுக்குப் பாய்ந்துவிடுவார். அப்படி 96 பேஸ்களைத் திருடினார்.

இந்த இருவரில் யார் பெரியவர் என்று பேஸ்பால் பார்ப்பவர்களைக் கேட்டால் யோசிக்காமல் ஷ்மிட் என்பார்கள். கேள்வியை ஒரு ஃபேண்டஸி லீகில் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ஃபேண்டஸி லீக் என்பது நிஜ ஆட்டக்காரர்களின் பெயரை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி கட்டுகிற விளையாட்டு. அவர்கள் களத்தில் செய்வதை எண்ணி, வீட்டில் உட்கார்ந்து புள்ளி போடுவார்கள். ஒரு பேஸ் அடிக்கு 1, இரண்டு பேஸ் அடிக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரனுக்கு 4 என்று வைப்போம். ஓடி எடுத்த ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ரன், திருடிய பேஸ் ஒவ்வொன்றுக்கும் 1. இந்தக் கணக்கில் 1980-இன் ஷ்மிட்டுக்கு 579 புள்ளி, மொரேனோவுக்கு 439. திருட்டுக்கு மட்டும் 2 புள்ளி கொடுத்தால் 591-க்கு 535 என்று இடைவெளி சுருங்குகிறது. 3 கொடுத்தால் மொரேனோ 631, ஷ்மிட் 603. 5 கொடுத்தால் 823-க்கு 627. ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் கிட்டத்தட்ட 200 புள்ளி பின்தங்கிவிடுகிறார்.

களத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை. விதித்தாளில் ஒரே ஓர் எண் மாறியது, அவ்வளவுதான். ஃபேண்டஸி பேஸ்பாலின் அறுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு அந்த எண்ணைப் பற்றிய வாக்குவாதம்தான். அதை வெறும் பொழுதுபோக்குக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. ஒரு மனிதனின் திறமையை இன்னொருவனின் திறமையோடு எப்படி எடைபோடுவது என்று யோசித்தவர்களின் கதை அது.

எடைபோடும் வேலையைத் தொடங்கிவைத்தவர் கிரிக்கெட் வழியாக வந்தவர் என்பது தமிழ் வாசகர்களுக்குப் பிடித்தமான செய்தியாக இருக்கலாம். ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு புரூக்ளினுக்கு வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதினார். பிறகு பேஸ்பால் பக்கம் திரும்பினார். ஆட்டம் முழுவதையும் ஒரு சிறு அட்டவணையில் அடக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை வளர்த்தவர் அவர். மட்டை சராசரி போன்ற கணக்குகளைப் பரப்பியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அடிக்காமலே, தவறான நான்கு பந்துகளால் முதல் பேஸுக்கு நடந்து போகும் ‘வாக்’கை அவர் மட்டைக்காரரின் திறமையாகப் பார்க்கவில்லை, பந்து வீசுபவரின் பிழை என்றே கருதினார். இந்த ஒரு முடிவின் பாரத்தை பேஸ்பால் கணக்கு நூறு ஆண்டுக்கு மேல் சுமந்தது.

சராசரியில் ஹோம் ரனும் ஓர் அடி, ஒரு பேஸ் அடியும் ஓர் அடி. இதைப் பொறுக்க முடியாமல் 1916-இல் ‘பேஸ்பால் மேகசின்’ ஆசிரியர் எஃப். சி. லேன் எழுதினார். ஒருவர் பையில் எத்தனை நாணயம் என்று மட்டும் எண்ணி, ஐந்து காசும் ஐம்பது காசும் ஒன்றுதான் என்றால் அவர் செல்வத்தை எப்படி அறிவது என்பது அவர் வாதம். ஒவ்வொரு அடிக்கும் ரன் மதிப்பு கணக்கிட்டும் காட்டினார். அன்று யாரும் காது கொடுக்கவில்லை.

1963-இல் கனடாவின் ராணுவ ஆய்வாளர் ஜார்ஜ் லிண்ட்சே அதே வேலையை இன்னும் நிதானமாகச் செய்தார். அவருடைய தந்தை ஓய்வுக்காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டங்களைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு நகர்வையும் கையால் குறித்துவைத்திருந்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு லிண்ட்சே சொன்ன மதிப்புகள் இவை. ஒரு பேஸ் அடி 0.41 ரன், இரண்டு பேஸ் அடி 0.82, மூன்று பேஸ் அடி 1.06, ஹோம் ரன் 1.42. ஹோம் ரன்னின் மதிப்பு ஒரு பேஸ் அடியைப் போல மூன்றரை மடங்குதான், நான்கு மடங்கு இல்லை. கற்பனை லீக் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் இந்த எண்கள் அவர்கள் கைக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1960-இல், ஹார்வர்டில் வேலை பார்த்த இளம் சமூகவியலாளர் வில்லியம் கேம்ஸன் நண்பர்களோடு ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார். பெயர் ‘பேஸ்பால் செமினார்’. சூதாட்டம் என்று யாரும் சந்தேகப்படாதபடி இருந்தது பெயர். கற்பனைப் பணத்தில் ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பார்கள். சீசன் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். எண்ணியது நான்கே விஷயங்கள். மட்டை சராசரி, உள்ளே கொண்டுவந்த ரன், பந்து வீசியவரின் வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்னைச் சொல்லும் ஈஆர்ஏ. ஓட்டத்துக்கு இடமே இல்லை. மொரேனோ போன்ற ஒருவர் அந்த விளையாட்டில் ஒரு காசு பெறமாட்டார்.

கேம்ஸன் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது விளையாட்டும் கூடவே போனது. அங்கே சேர்ந்தவர்களில் ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் ஸ்க்ளார். ஸ்க்ளாரின் மாணவர் டேனியல் ஓக்ரென்ட். பேராசிரியர் சொன்ன விளையாட்டு மாணவரின் மனதில் தங்கிவிட்டது. 1979 நவம்பரில் டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்கு விமானத்தில் போகும்போது ஓக்ரென்ட் விதிகளை எழுதினார். ஆஸ்டின் நண்பர்கள் பிடிகொடுக்கவில்லை. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் ‘லா ரோட்டிஸரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னபோது பத்திரிகை, பதிப்பக நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். உணவகம் மூடப்பட்டுப் பல காலம் ஆகிறது. ‘ரோட்டிஸரி லீக்’ என்ற பெயர் மட்டும் இன்றும் புழங்குகிறது. முதல் ஏலம் 1980 ஏப்ரலில் நடந்தது. ஸ்க்ளாரும் ஓர் அணி எடுத்தார். வாங்கப்பட்டவர்கள் எல்லோரும் நேஷனல் லீக் ஆட்டக்காரர்கள், ஷ்மிட்டும் மொரேனோவும் ஆடிய அதே லீக், அதே ஆண்டு.

ஓக்ரென்ட் எட்டு விஷயங்களைத் தேர்ந்தார். மட்டைக்காரர்களுக்குச் சராசரி, ஹோம் ரன், உள்ளே கொண்டுவந்த ரன், பேஸ் திருட்டு. பந்து வீசுபவர்களுக்கு வெற்றி, ஈஆர்ஏ, சேவ், அப்புறம் அவரே உருவாக்கிய ஒரு விகிதம். ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை அடியாலோ வாக்காலோ பேஸுக்கு விட்டார் என்பதே அந்த விகிதம். இன்று ‘விப்’ என்ற பெயரில் தொலைக்காட்சித் திரையில் ஓடுவது அதுதான். கற்பனை விளையாட்டுக்காகப் பிறந்த ஓர் எண் நிஜ விளையாட்டின் மொழிக்குள் புகுந்துவிட்டது.

சேவ் என்பதும் பத்திரிகையாளர் கொடுத்ததே. சிகாகோவின் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன், கடைசி இன்னிங்ஸ்களில் வந்து வெற்றியைக் காப்பாற்றுபவர்களுக்குக் கணக்கில் இடமில்லையே என்று 1960 வாக்கில் வகுத்த விதி அது, 1969-இல் அதிகாரபூர்வமானது.

புள்ளி போடும் முறையில்தான் ஓக்ரென்ட்டின் சாமர்த்தியம் தெரிகிறது. ஹோம் ரனுக்கு இவ்வளவு, திருட்டுக்கு இவ்வளவு என்று அவர் விலை வைக்கவே இல்லை. பத்து அணி இருந்தால் ஒவ்வொரு விஷயத்திலும் முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 9, கடைசிக்கு 1. எட்டையும் கூட்டினால் முடிவு. ஹோம் ரனையும் திருட்டையும் ஒப்பிடும் தலைவலியே இதில் இல்லை. ஒவ்வொன்றும் தன் வரிசைக்குள் மட்டும் போட்டியிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல விளைவு உண்டு. ஓர் அணிக்கு 200 திருட்டு, அடுத்த அணிக்கு 150 என்றால் அந்த 50 உபரியால் ஒரு புள்ளியும் கூடாது. எனவே அந்த அணிக்காரர் ஓட்டக்காரர் ஒருவரைக் கொடுத்து ஹோம் ரன் அடிப்பவரை வாங்கப் பார்ப்பார். எல்லா அணிகளுக்கும் எங்காவது உபரி, எங்காவது பற்றாக்குறை. பேரம் ஓயாது. ஆறு மாத சீசனில் லீகை உயிரோடு வைத்திருப்பது இந்தப் பேரம்தான்.

கெட்ட விளைவும் உண்டு. எட்டு வரிசையும் சமம் என்றால் பேஸ் திருட்டு மட்டைத் திறனில் சரிபாதிக்குப் பாதி, அதாவது நாலில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. களத்தில் அதன் மதிப்பு அவ்வளவு இல்லை. 1984-இல் ஜான் தார்னோடு சேர்ந்து பீட் பாமர் எழுதிய ‘தி ஹிடன் கேம் ஆஃப் பேஸ்பால்’ நூல், திருடிய பேஸுக்கு 0.3 ரன் கூட்டி, திருடும்போது பிடிபட்டால் 0.6 ரன் கழிக்கிறது. மொரேனோ 1980-இல் 33 முறை பிடிபட்டார். 96 திருட்டுக்குக் கிட்டத்தட்ட 29 ரன் வரவு. 33 பிடிபடலுக்குக் கிட்டத்தட்ட 20 ரன் செலவு. மிச்சம் 9 ரன். அதே நூலின்படி ஹோம் ரன் 1.4 ரன், ஷ்மிட்டின் 48-க்கு 67 ரன். ரோட்டிஸரி லீகிலோ பிடிபட்டதற்குத் தண்டனையே கிடையாது.

இதன் உச்சம் 1986-இல் வந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் வின்ஸ் கோல்மன் அந்த ஆண்டு ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. சராசரி .232, உள்ளே கொண்டுவந்த ரன் 29. அடிக்கத் தெரியாதவர் என்றே சொல்லலாம். ஆனால் 107 பேஸ் திருடினார். அவரை வாங்கிய கற்பனை அணிக்குத் திருட்டு வரிசை ஏறக்குறைய ஒருவராலேயே தீர்ந்துவிடும். பேஸ்பாலைக் கூர்ந்து கவனித்தவர்கள் இதைக் கண்டு எரிச்சலடைந்ததில் நியாயம் இருக்கிறது.

ஓக்ரென்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. கான்சஸில் ஒரு பதப்படுத்தும் ஆலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டு, தானே அச்சிட்டு ‘பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்’ வெளியிட்ட பில் ஜேம்ஸை 1981-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ வழியாக நாட்டுக்கு அறிமுகம் செய்தவரே ஓக்ரென்ட்தான். வெற்றியும், உள்ளே கொண்டுவந்த ரன்னும் சக ஆட்டக்காரர்களின் தயவில் வருபவை, தனிமனிதத் திறமையை அளக்க உதவாதவை என்று ஓயாமல் வாதிட்டவர் ஜேம்ஸ். அந்த எண்கள் ஓக்ரென்ட்டின் எட்டில் இருக்கின்றன. காரணம் எளியது. அன்று வீட்டுக்கு வீடு கணினி இல்லை, இணையம் இல்லை. வாரம் ஒருமுறை ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ இதழில் வரும் அட்டவணையைப் பார்த்து, ஒருவர் கையால் கூட்ட வேண்டும். அச்சில் வராததை எண்ண முடியாது.

அச்சுதான் இந்த விளையாட்டைப் பரப்பவும் செய்தது. 1981-இல் ‘இன்சைட் ஸ்போர்ட்ஸ்’ இதழில் ஓக்ரென்ட் எழுதிய கட்டுரை, ஏலத்தில் ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற ஆட்டக்காரருக்கு 36 டாலர் கொடுத்தது தண்டம் என்று தலைப்பிலேயே புலம்பியது. அதே ஆண்டு ஜூன் 12-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. 700-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாயின. எழுத விஷயமில்லாமல் தவித்த விளையாட்டு நிருபர்கள் தங்கள் கற்பனை லீக்குகளைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். 1982 செப்டம்பரில் ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழ் வந்து விரிவான பாக்ஸ் ஸ்கோர்களை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. 1984-இல் க்ளென் வாகனர் தொகுத்த விதிநூல் வெளியாயிற்று. 260 டாலர் நிதி, 23 ஆட்டக்காரர்கள், அவர்களில் 14 பேர் மட்டைக்காரர்கள், 9 பேர் பந்து வீசுபவர்கள் என்ற வழக்கம் ஊன்றியது. சாம்பியன் தலையில் ‘யூ-ஹூ’ சாக்லேட் பானத்தை ஊற்றும் சடங்கும் சேர்ந்தே பரவியது. ஓக்ரென்ட் தலையில் அது ஒருமுறைகூட ஊற்றப்படவில்லை.

மட்டைக்கு நான்கு, பந்துக்கு நான்கு என்று விதி சமம் பேசினாலும் ஏலத்தில் பணம் அப்படிப் பேசவில்லை. ஏறக்குறைய எல்லா லீகிலும் நிதியில் 65 முதல் 70 சதவீதம்வரை மட்டைக்காரர்களுக்கே போனது. ஆண்டுதோறும் அவர்களிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் கிடைக்கும். பந்து வீசுபவரின் தோள் எப்போது மக்கர் செய்யும் என்று தெரியாது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஈஆர்ஏவும் விப்பும் சராசரிகள் என்பதால், பந்து வீசுபவர்களைக் குறைவாக ஆடவைத்தே அவற்றில் முன்னணிக்கு வரலாம். அதை அடைக்கக் குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதி வந்தது. வேண்டுமென்றே ஒரு வரிசையைக் கைவிட்டுவிட்டு மற்றவற்றில் பணத்தைக் கொட்டும் உத்தி இன்றும் அடைபடாத ஓட்டை.

1990-களில் கணினி கைக்கு வந்ததும் எட்டு பத்தானது. எடுத்த ரன், வீழ்த்திய ஸ்ட்ரைக்அவுட் இரண்டும் சேர்ந்தன. ஐந்துக்கு ஐந்து என்று இன்று பரவலாக ஆடப்படும் வடிவம் இதுதான். திருட்டின் பங்கு நாலில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, நல்லது. ஆனால் ஒரே ஹோம் ரன் இப்போது ஹோம் ரன் வரிசை, ரன், உள்ளே கொண்டுவந்த ரன், சராசரி என நான்கு வரிசைகளுக்குத் தீனி போடுகிறது. வாக்குக்கு ஒரு வரிசையும் இல்லை. சாட்விக் சொன்ன தீர்ப்பு அப்படியே நின்றது. 2010-களில் ‘டவுட் வார்ஸ்’ என்ற நிபுணர் லீக் சராசரியை எடுத்துவிட்டு, வாக்கையும் சேர்த்துக்கொள்ளும் ஆன்-பேஸ் விகிதத்தை வைத்தது. பாராட்ட வேண்டிய திருத்தம்.

மறுபக்கம், ஒவ்வொரு செயலுக்கும் விலை வைக்கும் புள்ளி லீக்குகளும் பெருகின. தொடக்கத்தில் அவற்றின் எண்களெல்லாம் குத்துமதிப்பு. லேனும் லிண்ட்சேயும் பாமரும் போட்ட பாதைக்கு அவை வந்து சேர்ந்தது ‘ஒட்டோநியூ’ போன்ற தளங்களில். அங்கே வாக் போன்றவை தவிர, மட்டை பிடித்து நிற்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 புள்ளி கழியும், அடித்தால் 5.6 கூடும், அது ஹோம் ரன் என்றால் மேலும் 9.4. வாக்குக்கு 3. திருட்டுக்கு 1.9, பிடிபட்டால் 2.8 கழிவு. கூட்டிப் பார்த்தால் ஹோம் ரன் நிகரமாக 14 புள்ளி, ஒரு பேஸ் அடி 4.6. லிண்ட்சேயின் மூன்றரை மடங்குக்குச் சற்றே குறைவு. மொரேனோவின் 96 திருட்டும் 33 பிடிபடலும் இந்தக் கணக்கில் சேர்ந்து 90 புள்ளிதான் தேறும். ஷ்மிட் ஏழு ஹோம் ரன்னில் அதைத் தாண்டிவிடுவார். களத்து உண்மைக்கு மிக அருகில் வந்த முறை இதுவே.

ஆனாலும் நேர்மையான கணக்கு என்பதாலேயே அது நல்ல விளையாட்டாகிவிடாது. ஒரே எண்ணில் எல்லாம் கரைந்துவிட்டால், உபரியும் பற்றாக்குறையும் மறைந்துவிடும். பேரத்துக்குக் காரணமும் குறையும். வேகக்காரர், வலிமைக்காரர், கடைசி இன்னிங்ஸ்காரர் என்ற பேதமே இல்லாமல் யாருக்குப் புள்ளி அதிகம் என்ற ஒரே பட்டியல் மிஞ்சும். நண்பர்கள் கூடி ஆடும் லீகுக்கு ஓக்ரென்ட்டின் வரிசை முறையே இன்னும் மேலானது. அது பேஸ்பாலைத் துல்லியமாக அளக்கவில்லை. ஆனால் பலவகைத் திறமைகளும் தேவைப்படும்படி வைத்திருக்கிறது. சமநிலை என்ற சொல்லுக்கு விளையாட்டில் அதுதான் பொருள்.

எந்தச் சமநிலையும் நிலைத்து நிற்பதில்லை, களமே நகர்ந்துகொண்டிருப்பதால். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 ஈஆர்ஏவோடு சிறந்த பந்து வீசுபவர் விருது வென்றார். கணக்கில் வெற்றி பத்துதான், தோல்வி ஒன்பது. வெற்றி வரிசையை இன்னும் வைத்திருக்கும் லீக்குகள் அவருக்குச் செய்தது அநியாயம். அதே ஆண்டு ஷோஹெய் ஒட்டானி வந்தார். அடிக்கவும் செய்வார், வீசவும் செய்வார். யாஹூ தளம் அவரை இரண்டு ஆட்டக்காரராகப் பிரித்தது. ஒரு ஒட்டானி மட்டைக்கு, இன்னொரு ஒட்டானி பந்துக்கு. 2023-இல் பேஸ்களின் அளவைப் பெரிதாக்கி, பந்து வீசுபவர் ஓட்டக்காரரைத் தடுக்க எடுக்கும் முயற்சிகளுக்கு வரம்பும் வைத்தார்கள். மேஜர் லீக்கில் 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டு ஒரே ஆண்டில் 3,503 ஆனது. அரிதாக இருந்ததால் விலை ஏறிய சரக்கு திடீரென்று சந்தையில் குவிந்துவிட்டது.

லீக் தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏலத்துக்கு உட்காரும் முன் போன சீசனின் எண்களை எடுத்து உங்கள் விதியில் போட்டுப் பாருங்கள். முதல் ஐம்பது இடங்களில் எத்தனை மட்டைக்காரர்கள், எத்தனை பந்து வீசுபவர்கள், கடைசி இன்னிங்ஸ்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே வகை ஆட்டக்காரர்களை வாங்கியே ஜெயிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எண்ணை அப்போதே மாற்றுங்கள். சீசன் தொடங்கிய பிறகு மாற்றாதீர்கள்.